வேதகலாபனை: எங்கட மன்றாட்டில் விடுபட்டவர்கள்

ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு நேரத்தில் அடிக்கடி கேட்கிற விண்ணப்பம் ஒன்று இருக்கு. உலகெங்கும் விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்படுகிற கிறிஸ்தவர்களுக்காக மன்றாடுவோம் என்பது அது. வாசிக்கிறவர் வாசித்து முடிப்பார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லுவோம், அடுத்த விண்ணப்பம் மழைக்காகவோ பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகவோ இருக்கும். அந்த அரை நிமிடத்தில் எங்கட மனதில் வருகிற படம் அனேகமாகத் தூரத்தில் நடந்த ஒன்றுதான். நைஜீரியா, பாகிஸ்தான், சிரியா. 2015 பெப்ரவரியில் லிபியக் கடற்கரையில் செம்மஞ்சள் உடுப்போடு முழங்காலில் இருத்தப்பட்ட 21 பேர். அவர்களில் 20 பேர் எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டவர்.

இந்த மன்றாட்டு வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கட்டாயம் வேணும். ஆனால் எழுவைதீவு மாதிரி ஒரு இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது, ஏதோ பாதுகாப்பான கரையில் நின்று தூரத்தில் தத்தளிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. தீவுப்பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தத் தொனி நிலைக்காது. எங்கட பழைய ஆட்களிடம் இதற்கென்று ஒரு சொல்லே இருந்தது: வேதகலாபனை. வேதம் என்றால் கிறிஸ்தவ சமயம். இன்றைக்கும் ஊரில் 'வேதக்காரர்', 'சைவக்காரர்' என்றுதானே கதைக்கிறோம். கலாபனை என்றால் கலகம், தொந்தரவு, துன்புறுத்தல். ஒரு சனத்தின் பேச்சில் இப்படி ஒரு சொல் சும்மா வந்து சேராது. அது இந்த மண்ணில் நடந்த காரியம்.

ஒளித்து வைத்தவனுக்கு மரணம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எழுவைதீவுப் படகுக்குக் காத்து நிற்கிறவர்களுக்குக் கடலுக்கு நடுவில் அந்தச் சின்னக் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதைப் பிடித்து ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதிப்பக்கம் என்பது அதன் கருத்து. இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். 1658இல் முதலில் இந்தக் கடற்கோட்டை விழுந்தது, அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. அதோடு வடக்கில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. வேலணைத் தீவு லெய்டன் ஆனது, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. கடைசிப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கு.

ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இது தேவைப்படும். அவர்கள் கல்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபையினர். யாழ்ப்பாணத்தில் இருந்த கத்தோலிக்கரோ போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஒல்லாந்தக் கம்பனியின் கண்ணில் கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயரின் ஆள். போர்த்துக்கேயர் கோவாவிலிருந்து திரும்பி வந்தால் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவான் என்ற பயம்.

அந்தப் பயத்தில் 1658 செப்ரெம்பரில் ஒரு கட்டளை பிறந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு, ஒளித்து வைப்பவனுக்கு மரண தண்டனை. இந்தச் சட்டம் யாரைப் பயப்படுத்துகிறது என்று பாருங்கள். குருமாரை ஏற்கெனவே நாட்டை விட்டுத் துரத்தியாயிற்று. மிஞ்சியிருப்பது வீட்டுக்காரன். இரவில் கதவைத் தட்டுகிறவனுக்குத் திறப்பதா விடுவதா என்று யோசிக்கிற அந்த மனிசனைத்தான் இந்தக் கட்டளை குறி வைத்தது.

மற்றப்படி அன்றாடத் துன்புறுத்தல் வாள் முனையில் நடக்கவில்லை, பதிவேட்டில் நடந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்களை ஒல்லாந்தர் தங்கட கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாற்றினார்கள். 1658 முதல் 1665 வரை இங்கே போதகராக இருந்த பிலிப்பஸ் பல்தேயஸ் அந்தக் கோயில்கள் பலவற்றைப் படத்தோடு எழுதி, 1672இல் அம்ஸ்ரடாமில் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பில் ஏற வேணும். சட்டாம்பியார் அதை எழுதுவார். பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் தண்டப்பணம். தோம்பில் ஏறாத கலியாணம் சட்டத்தின் முன் கலியாணமே இல்லை, அதில் பிறந்த பிள்ளைக்குக் காணி உரிமை கேட்கிற இடத்தில் சிக்கல். முதலியார், விதானையார் மாதிரிப் பதவி வேணும் என்றால் ஒல்லாந்தர் சபையில் சேர்ந்தவனாக இருக்க வேணும். சைவக்காரரும் இதே வலையில்தான் மாட்டினார்கள். பகலில் ஒரு பெயர், வீட்டுக்குள் இன்னொரு பெயர் என்ற வாழ்க்கை இரண்டு பகுதியாருக்கும் பொது.

செபமாலை போட்ட பிச்சைக்காரன்

இந்த நிலைமை கிட்டத்தட்ட முப்பது வருடம் நீடித்த பிறகுதான் யோசேவாஸ் சுவாமி வருகிறார். 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனவ்லிம் ஊரில் பிறந்த கொங்கணிப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. 1676இல் குருவானவர். இலங்கையில் சனம் குருவே இல்லாமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து படகேறி 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரக் குரு ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது. தோல் காட்டிக் கொடுத்திருக்கும். கோவாவிலிருந்து வந்த இந்தக் கறுத்த மனிதரை ஒல்லாந்துச் சிப்பாய்க்கு மற்றக் கூலிகளிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வந்தவருக்கு இன்னொரு பிரச்சினை. யார் கத்தோலிக்கர் என்று அவருக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது. அதனால் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். யாருடைய கண் அந்த மாலையில் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது என்று பார்த்தாராம். நாங்கள் இந்த இடத்தை வாசிக்கும்போது அவரை விட, அந்தக் கண்களைப் பற்றித்தான் யோசித்தோம். முப்பது வருடம் பூசை காணாத ஒரு மனிசி, பிச்சைக்காரன் கழுத்தில் செபமாலையைக் கண்டு, இது உண்மையா அல்லது ஒல்லாந்தன் அனுப்பிய ஆளா என்று யோசித்த நேரம். தலையை ஆட்டினால் உயிர் போகலாம்.

சில்லாலை மக்கள் தலையை ஆட்டினார்கள். அந்த ஊர் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டது. பகலில் ஒளிவு, இரவில் பூசை. பிறகு நத்தார் இரவொன்றில் ஒல்லாந்தர் வந்து வளைத்தார்கள். சுவாமி தப்பினார், கூடியிருந்த சனம் பிடிபட்டது. எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து அடித்தார்கள். ஒருவர் அந்த அடியில் செத்துப்போனார், மற்றவர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அடி வாங்கிய அந்த எட்டுப் பேருக்கு எங்கட நாட்காட்டியில் ஒரு நாளும் இல்லை.

குருமார் இல்லாத காலத்தில் செபத்தைக் காப்பாற்றியவர்கள் ஊராட்கள். செபம் சொல்லிக் கொடுத்து, ஆபத்தில் இருந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவனை அடக்கம் செய்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும். பின்னர் 1705இல் கோவாவிலிருந்து வந்து 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி அவர்களுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். ஒல்லாந்தருக்குக் கொழும்பில் அச்சுக்கூடம் இருந்தது. மறைந்து வாழ்ந்தவர்களுக்கு ஓலையும் எழுத்தாணியும். தவக்காலத்தில் எங்கட கோயில்களில் இழுத்து இழுத்து வாசிக்கிற வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியதுதான். தூக்கம் வருகுது என்று நாங்கள் சலித்துக்கொள்கிற அந்தப் பாடு, பிடிபட்டால் தண்டனை என்ற காலத்தில் எழுதி வாசித்த பாடு.

கதவு திறந்தவர்கள் யார்

யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் யோசேவாஸ் சுவாமி புத்தளம் போய், 1692இல் கண்டிக்குப் போகிறார். அங்கே முதலில் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைக்கிறார்கள். பிறகு கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன், ஒரு பௌத்த அரசன், அவரை வெளியே விட்டு, தன் நாட்டில் சுதந்திரமாகப் பணி செய்ய அனுமதிக்கிறான். 1697இல் கண்டியில் அம்மை பரவி, கைவிடப்பட்ட நோயாளிகள் தெருவில் கிடந்தபோது, சுவாமி சமயம் பாராமல் அவர்களைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார்.

இதை ஒரு வரியில் சொன்னால் இப்படி வரும்: கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தினார்கள், பௌத்த அரசன் ஒருவன் அடைக்கலம் கொடுத்தான். அரசியல் கணக்கு அதில் இருந்திருக்கும். ஒல்லாந்தருக்குப் பிடிக்காதவனை வைத்திருப்பது கண்டிக்கு லாபம். 1740களில் கண்டியின் மனம் மாறி, குருமாரை அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். ஆனாலும் அந்த ஐம்பது வருட இடைவெளி இல்லாவிட்டால் இலங்கைக் கத்தோலிக்கத்தின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

தீவுகளைப் பற்றியும் இதே மாதிரி யோசிக்கலாம். எழுவைதீவு மாதிரி ஒரு சின்னத் தீவில் வளர்ந்த யாருக்கும் ஒரு விசயம் தெரியும்: அங்கே ஒளித்து எதையும் செய்ய ஏலாது. படகில் வந்து இறங்குகிற புது முகத்தை, அவர் கரையில் கால் வைக்க முதலே ஊர் எடை போட்டுவிடும். எந்த வீட்டுக்குப் போகிறார், எத்தனை நாள் நிற்கிறார், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அப்படியான ஊர்களில் ஒரு சமயம் நூற்றைம்பது வருடம் மறைவில் உயிரோடு இருந்தது என்றால், மறைத்தவர்கள் வேதக்காரர் மட்டுமாக இருந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சைவக்காரன் விதானையாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் இருந்தவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். சொல்லாமல் இருந்ததற்குப் பதிவேடு கிடையாது, அதனால் வரலாற்றில் அவர்களுக்குப் பெயரும் கிடையாது.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தர் சட்டங்களை நீக்கினார். அதோடு இந்த வேதகலாபனை சட்டப்படி முடிந்தது.

சங்கிலி பின்னுக்கும் போகிறது

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். நாங்கள் துன்பப்பட்டோம், தாங்கினோம், வென்றோம். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு 1658க்கு முன்னும் போக வேண்டியிருக்கு.

ஒல்லாந்தர் கோயில்களைப் பறித்தார்கள் என்றோம். அந்தக் கோயில்கள் யாருடைய நிலத்தில் எழுந்தவை? 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்தார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பிலிப் டி ஒலிவேராவின் கட்டளையில் தரைமட்டமானது. பறங்கி அதிகாரிக்கு முறை வைத்து வீட்டுக்கு ஒரு பசு கொடுக்க வேணும் என்றபோது, தன் முறை வரும் நாளுக்கு முதல் இரவே ஊரை விட்டுப் போனார் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்று மரபு சொல்கிறது. சிதம்பரத்தில் அவர் வெட்டிய குளம் இன்றும் அவர் பெயரில் இருக்கு. எங்களைத் துன்புறுத்தியவன் வருவதற்கு முன்னால், எங்கட ஞானஸ்நானம் பக்கத்து வீட்டுக்காரனின் கோயில் இடிந்த தூசியோடு வந்தது. இதை மன்றாட்டில் யாரும் சொல்வதில்லை.

இன்னும் பின்னுக்குப் போனால் 1544. முத்துக்குளிப்புக் கரையில் இருந்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தார்கள். அவர் தனக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்ப, பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி படையோடு போய் அவர்களில் 600க்கு மேற்பட்டவர்களைக் கொன்றான். மன்னார் வேதசாட்சிகள் என்று நாங்கள் நினைவுகூருவது இவர்களைத்தான். மன்னாரில் தோட்டவெளிக் கோயில் அந்த நினைவில் நிற்கிறது. சங்கிலியின் பயமும் விளங்காத ஒன்றில்லை. அக்கரையில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றதும் போர்த்துக்கேயரின் பாதுகாப்புக்குள் போனதை அவன் பார்த்திருந்தான். மன்னாரும் முத்தும் அதே வழியில் கைவிட்டுப் போகும் என்று கணக்குப் போட்டான். கணக்குச் சரியாகக்கூட இருக்கலாம். வெட்டுப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் கலந்துகொள்ளாத சனம்.

ஒல்லாந்தர் பக்கமும் ஒரு கதை இருக்கு. அவர்கள் கத்தோலிக்க ஸ்பெயினின் கொடுமைக்கு எதிராக 1568 முதல் 1648 வரை எண்பது வருடம் சண்டை பிடித்த நாட்டார். அவர்களின் பாட்டன்மார் எரிக்கப்பட்டதும் தூக்கிலிடப்பட்டதும் அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதைகள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருவைத் தேடிய அதிகாரியின் வீட்டிலும் வேதகலாபனைக் கதை சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். அதே கம்பனி ஜப்பானிலும் இருந்தது. அங்கே 1614 முதல் கிறிஸ்தவம் தடை. 1638இல் ஷிமபராவில் கிளர்ந்தெழுந்த கிறிஸ்தவக் குடியானவர்கள் ஒளிந்திருந்த கோட்டையைச் சுட ஒல்லாந்தர் கப்பல் கொடுத்தார்கள். வியாபாரம் நடக்க வேணுமே. அந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் குருவில்லாமல் இருநூறு வருடத்துக்கு மேல் ஒளிந்து வாழ்ந்து, 1865இல் நாகசாகியில் கட்டப்பட்ட புதுக்கோயிலுக்கு வந்து, நாங்களும் உங்கட ஆட்கள்தான் என்று சொன்னார்கள். சில்லாலை மக்களின் தூரத்துச் சொந்தம் என்று அவர்களைச் சொல்லலாம்.

துன்பப்பட்ட அனுபவம் ஒரு சமூகத்தை இரக்கமுள்ளதாக ஆக்கும் என்று நாங்கள் நம்ப விரும்புகிறோம். இந்த நூறு வருட வரலாறு அப்படிச் சொல்லவில்லை. துன்பப்பட்ட நினைவை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

எங்கட காலத்துக்கு வருவோம்

1995 ஜூலை 9. குண்டுவீச்சில் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயில் சூழலிலும் தஞ்சமிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், சைவரும் இருந்தார்கள். 2006 ஓகஸ்ட் 13. எங்கட தீவுப்பகுதியின் அல்லைப்பிட்டியில், சனம் தஞ்சமிருந்த பிலிப்பு நேரியார் கோயில் எறிகணையில் சிக்கியது. பிலிப்பு நேரியார், யோசேவாஸ் சுவாமி கோவாவில் கட்டியெழுப்பிய குருமார் சபையின் பாதுகாவலர். அங்கே பங்குத்தந்தையாக இருந்து, காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடித்திரிந்த அருட்தந்தை ஜிம் பிறவுண் ஓகஸ்ட் 20இல் காணாமல் போனார். அவரோடு போனவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்களா, தமிழர் என்பதால் துன்பப்பட்டவர்களா? உலக அளவில் துன்புறும் கிறிஸ்தவர்களை எண்ணுகிறவர்கள் எந்தப் பெட்டியில் போடுவார்களோ எங்களுக்குத் தெரியாது. ஆனால் 1658 கட்டளை யாரைத் தேடியதோ அதே ஆள்தான் அங்கேயும் மாட்டியது: அடைக்கலம் கொடுத்தவன்.

இப்போது மறுபக்கம். 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் அதிகமானோர் துரத்தப்பட்டார்கள். அவர்களும் சமயத்தின் பெயரால் ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள். ஒல்லாந்தன் எங்களைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. கதவைத் திறக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு நாங்கள். சிலர் அழுதார்கள், சிலர் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாங்கி வைத்தார்கள், பலர் சும்மா நின்றார்கள். பயம் எல்லாருக்கும் இருந்தது, உண்மைதான். சில்லாலையிலும் பயம் இருந்தது.

2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார் திருக்கேதீச்சரத்துக்குப் போகிற வழியில் வைத்த அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்த காணொளியை எல்லாரும் பார்த்தோம். நடந்த இடம் மாந்தை. ஒல்லாந்தருக்குப் பயந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் மடுக்காட்டுக்கு ஓடியது இதே மாந்தையிலிருந்து. 2008 ஏப்ரலில் போருக்குப் பயந்து அதே சொரூபத்தை மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை இடம்பெயர்ந்த மாதாவின் பிள்ளைகள் பக்கத்துக் கோயிலின் வளைவைப் பிடுங்குகிறார்கள் என்றால், அந்த இடப்பெயர்வை நாங்கள் திருவிழாக் கதையாக மட்டும் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்த மாதம் ஏப்ரல் 21. யோசேவாஸ் சுவாமி பிறந்த அதே தேதி, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்கு உலகம் முழுவதும் மன்றாடியது எங்களுக்காக.

அதற்கு அடுத்த கிழமைகளில் நடந்ததைக் குறைவாகத்தான் கதைக்கிறோம். நீர்கொழும்பில் அப்போது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் வாடகை வீடுகளில் இருந்தார்கள். பெரும்பாலானோர் சொந்த நாட்டில் துன்புறுத்தப்பட்ட அகமதியா முஸ்லிம்கள். பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். குண்டு வெடித்த பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கேயும் எதிர்ப்பு. ஒரு பகுதியினரைக் கடைசியில் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், வவுனியாவிலும் எதிர்ப்புக் கிளம்பியது. அதாவது, நாங்கள் ஞாயிறு தோறும் பெயர் சொல்லாமல் மன்றாடுகிற அந்தப் பாகிஸ்தான் கிறிஸ்தவன் எங்கட நாட்டுக்கே வந்து, எங்கட கத்தோலிக்க நகரத்தில் வாடகைக்கு இருந்தான். அவனை நாங்கள் அடையாளம் காணவில்லை. அவன் கழுத்தில் செபமாலை இருந்ததா என்று பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இருந்திருந்தால் மட்டும் திறப்பதா என்பது இன்னும் கஷ்டமான கேள்வி. பக்கத்தில் நின்ற அகமதியாக்காரனுக்குச் செபமாலை இல்லையே.

மன்றாட்டை எப்படி எழுதுவது

பல பங்குகளில் மன்றாட்டு எழுதுகிற வேலையை இளைஞர் ஒன்றியத்திடம்தான் தள்ளிவிடுவார்கள். சனி இரவு அவசரமாக ஐந்து வரி எழுதுவோம். அதனால் இந்தக் கட்டுரையின் கேள்வி எங்கட கையிலேயே இருக்கு.

துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்காக என்ற வரியை எடுக்க வேண்டாம். அதோடு ஒரு ஊரின் பெயரைச் சேர்ப்போம், அந்தக் கிழமை உண்மையில் என்ன நடந்தது என்று தேடி வாசித்துவிட்டு. அடுத்து, அவர்களை ஒளித்து வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு வரி. அந்த வீட்டுக்காரர் அனேகமாக வேறு சமயத்தவராக இருப்பார், அவருக்குத்தான் ஆபத்து அதிகம். பிறகு, எங்கட ஊரில் ஒற்றர் என்றும் மதமாற்றி என்றும் வந்தேறி என்றும் யாரைச் சொல்லுகிறோமோ அவர்களுக்காக ஒரு வரி. 'அல்லேலூயாக் கூட்டம்' என்று நாங்கள் நக்கலடிக்கிற சபைக்காரரும் அதில் வரட்டும். கூரைக் கொட்டிலில் செபம் நடத்துகிற அவர்கள் மேல் கல்லெறி விழும்போது, கத்தோலிக்கராகிய நாங்கள் எத்தனை தரம் வாய் திறந்திருக்கிறோம்?

கடைசி வரி வாசிக்கக் கஷ்டமாக இருக்கும்: நாங்கள் கதவு திறக்காத நாட்களுக்காக. 1990க்காகவும் 2019க்காகவும். பீடத்துக்கு முன்னால் நின்று அதை வாசிக்கும்போது கோயிலில் சிலர் நெளிவார்கள், பூசை முடிந்து ஒரு பெரியவர் வந்து "உது ஏன் தம்பி இப்ப" என்று கேட்பார். கேட்கட்டும். 1658 கட்டளை எந்த மனிசனைக் கண்டு பயந்ததோ, அவனுடைய வீடு எங்கட ஊரில் இன்னும் இருக்கா என்று நாங்களும் அவரிடம் கேட்கலாம்.